டேங்கில் கசிவு, சாப்!

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி வேறு இடம் அகப்பட்டிருந்தால் மாற்றி எழுதியிருப்பேன். தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே நான், ஒரு பை முருங்கைக்காய், வள்ளியம்மை. முருங்கைக்காய் என்னுடையது. வள்ளியம்மை கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஜெயசீலனின் மனைவி. அதுவரை எங்களுக்குள் "சாப்டாச்சா?" அளவுக்குத்தான் பழக்கம்.

"பயப்படாதீங்க மாமி. இவுகளுக்குப் போன் போட்டுட்டேன். வந்து தொறந்துருவாக," என்றாள். ஜெயசீலன் தீயணைப்பு வீரர். லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுப்பது அவருக்குப் பல் தேய்க்கிற மாதிரி.

"டூட்டி இல்லையா இன்னிக்கு?"

"லீவு."

"எதுக்கு லீவு?"

சாதாரண இடமாக இருந்தால் வள்ளியம்மை பேச்சை மாற்றியிருப்பாள். லிஃப்டுக்குள் எங்கே மாற்றுவது? எல்லாவற்றையும் சொன்னாள். நோயைச் சொன்னாள், அரசாங்கத் திட்டத்தைச் சொன்னாள், புருஷன் தன் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. கோபத்தில் என் முருங்கைக்காய் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள்.

அப்போது வெளியே ஜெயசீலனின் குரல் ஹிந்தியில் கேட்டது. "அந்தர் சப் டீக்?" உள்ளே எல்லாம் சரியா என்று கேட்கிறார்.

"ஒண்ணும் டீக் இல்ல!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள் வள்ளியம்மை. "அதச் சொல்லத் தெரியாமத்தான இம்புட்டும் கெட்டுக் கெடக்கு!"

கதவு திறந்தது. இடுப்பளவு உயரத்தில் அவர் முகம் சிரித்துக்கொண்டு நின்றது. கதையைத் தொடங்க வேண்டிய படம் இதுதான் என்று அப்போதே தோன்றியது. ஆனால் எழுதுகிறவர்களுக்கு எதையும் நேராகச் செய்ய வராது.

2

நான் ருக்கு. மத்திய அரசில் கோப்புகளோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். தில்லித் தமிழர்கள் போடும் பொங்கல் மலருக்குக் கதை கேட்டு அதன் ஆசிரியர் சேஷு நச்சரித்துக்கொண்டிருந்தார். "கண்ணீர் வரணும் மாமி. போன வருஷம் எல்லாரும் விளம்பரத்தை மட்டும் படிச்சுட்டு மூடி வெச்சுட்டா." எனவே கண்ணீருக்காகத்தான் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "புகை மண்டலத்தின் நடுவே அந்த மாவீரனின் கூரிய விழிகள்..."

வேண்டாம். புகைக்குள் மாவீரனின் விழிகள் எரியும், மூக்கு ஒழுகும். ஜெயசீலனே சொன்னார்.

இரண்டாம் தொடக்கம்: "தீயணைப்பு வீரர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. எரியும் பிளாஸ்டிக், ரெக்ஸின், பெயின்ட் முதலியவற்றிலிருந்து வெளியாகும்..."

இது உண்மை. எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை. ஆனால் மலரைப் புரட்டுகிறவர் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பி நகைக்கடை விளம்பரத்துக்குப் போய்விடுவார். நானே போவேன்.

மூன்றாம் தொடக்கம்: "சிறுநீரில் இரத்தத்தைப் பார்த்த அன்று ஜெயசீலன் என்ன செய்தார் தெரியுமா? ஃப்ளஷ் பண்ணிவிட்டு டூட்டிக்குப் போனார்."

இது எனக்குப் பிடித்திருந்தது. கீழ்த்தளத்துக்குப் போய் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஜெயசீலனின் காது சிவந்துவிட்டது.

"மேடம், சிறுநீர்ப்பைல கேன்சர்னு போடணுமா? பொங்கல் மலர்லா?"

"பின்னே என்னன்னு போடறது?"

"நுரையீரல்னு போட்டுருங்களேன். ஃபயர் சர்வீஸ்னா அதான் கௌரவம். புகை, நெஞ்சு, இருமல்னு கேக்கவும் ஒரு இதுவா இருக்கும்."

நோயிலும் கௌரவமான உறுப்பு, சொல்லக் கூசுகிற உறுப்பு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். டாக்டர் அவருக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். மூச்சில் போன நஞ்சு இரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்பும், வெளியேறுமுன் அது கடைசியாகத் தங்குமிடம் அந்தப் பைதான். ஆகவே அதுவும் புகையின் வேலைதான். ஜெயசீலன் இதைக் கேட்டுத் தலையாட்டினார். ஆனாலும் நுரையீரல் என்றே போடச் சொன்னார்.

"வந்த எடத்தச் சொல்லுங்க மாமி," என்றாள் வள்ளியம்மை. "வராத எடத்த எதுக்குச் சொல்லணும்?"

வள்ளியம்மை சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

3

இந்த ஆள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவராக இருக்கிறார். கதையில் இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூனாக இருந்த அய்யாசாமியின் மகன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே தீயணைப்பு வண்டியில் ஏறியவர். எங்காவது ஒரு குறை வேண்டும். வள்ளியம்மையைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் வெளியேறும் வழியைத் தேடுவாராம். அதன் பக்கத்தில்தான் குடும்பம் உட்கார வேண்டும். மேடையில் தாலி கட்டுகிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா என்றே இவர்களுக்குத் தெரியாது. தீபாவளியன்று இரண்டு வாளித் தண்ணீரோடு படியில் உட்கார்ந்திருப்பார். மகள் அபூர்வாவின் ஹேர் டிரையரை இரண்டு தடவை ஒளித்துவைத்திருக்கிறார்.

"கோட்டுக் கதையச் சொல்லும்மா," என்றாள் அபூர்வா. கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் ஃபோனில் சார்ஜ் இல்லை என்பாள்.

கோட்டுக் கதை இது. தீயில் வேலை செய்யும்போது போடும் கனத்த கோட்டில் கரி படியும். எவ்வளவு கரியோ அவ்வளவு அனுபவம். கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவனை, "தூல்ஹா வந்துட்டார்" என்று ஸ்டேஷனே கேலி செய்யும், மாப்பிள்ளை வந்துவிட்டாராம். ஆகவே யாரும் துவைப்பதில்லை. ஜெயசீலன் தன் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் மாட்டிவைப்பார். அந்தக் கரிதான் ஆகாதது என்று பின்னால்தான் தெரிந்தது.

(இங்கே நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "அவர் பெருமையை அணிந்திருந்தார், அது அவரை..." அடித்துவிட்டேன். அழகான வாக்கியங்களை நான் நம்புவதில்லை.)

4

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை நகராது.

ஒரு திட்டம். அதற்கு "தீப்பணியாளர் நலத்திட்டம்" என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இப்படியொன்று எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள், கதைக்காக உண்டாக்கியது. தேடி, கிடைக்காமல், ஏன் இல்லை என்று நீங்கள் யாரையாவது கேட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. திட்டம் சொல்வது இதுதான். தீயணைப்பில் நெடுநாள் வேலை பார்த்தவருக்குக் குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால், அது வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். எந்தத் தீ, எந்தப் புகை என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவு அரசாங்கத்துடையது. சிகிச்சை முடியும்வரை சம்பளத்தோடு விடுப்பு. முடிந்த பிறகும் புகைக்குள் அனுப்பாமல் வேறு வேலை தருவார்கள்.

"நிரூபிக்க வேண்டியதில்லை." என் அலுவலக வாழ்க்கையில் இப்படியொரு வரியை எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை. நிஜத்தில் யாராவது இதை எழுதினால் அவரை வீட்டுக்கு அழைத்து ஃபில்டர் காபி போட்டுக் கொடுப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை. பாதிக்கப்பட்டவர் ஒரு மருத்துவக் குழுவின் முன் நேரில் வந்து, தான் புகையில் வேலை செய்ததையும் உடம்பு என்ன ஆனது என்பதையும் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் போதும்.

ஜெயசீலனுக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. இனி சிறுநீர்ப்பைக்குள் வாராவாரம் மருந்து நிரப்ப வேண்டும். மீண்டும் வராமல் பார்த்துக்கொள்ள நீண்ட நாள் கண்காணிப்பு வேண்டும். குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் விடுப்பு முடிந்ததும் அவர் வண்டியில் ஏற வேண்டும். அதாவது ஒரு பக்கம் மருந்து, மறு பக்கம் அதே புகை. டாக்டர் அதைத்தான் கூடவே கூடாது என்றார்.

5

லோதி ரோடு பக்கத்தில் ஓர் அலுவலகம். ஜெயசீலன் இஸ்திரி போட்ட சீருடையில் போனார். ஷூவில் முகம் தெரிந்தது. கூட வள்ளியம்மை; பின்னால் நாற்காலியில் உட்கார அனுமதித்தார்கள். குழுவின் தலைவி ஒரு பெண் மருத்துவர். நல்ல மாதிரி. ஆனால் ஜெயசீலனுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற யாரும், ஆணோ பெண்ணோ, "சாப்"தான், ஐயாதான்.

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் தலைவி.

ஜெயசீலன் குதிகால் ஒட்ட நிமிர்ந்து நின்றார். "சப் டீக், சாப்!"

"சிறுநீரில் இரத்தம் போனதாக மருத்துவர் எழுதியிருக்கிறாரே?"

"சப் டீக், சாப்!"

"வலி? களைப்பு?"

"நஹி, சாப். ஃபிட் ஃபார் டூட்டி!"

தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "புகை அதிகம் உள்ளே போன சந்தர்ப்பம் ஏதாவது?"

"ஒருபோதும் இல்லை, சாப்."

நிரூபிக்கவே வேண்டாம் என்று அரசாங்கம் சொல்கிறது. இவர் எதுவும் நடக்கவில்லை என்று நிரூபித்துவிட்டு வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த வள்ளியம்மைக்குத் தன் செருப்பைக் கழற்றி எறியலாமா என்று இருந்ததாம். தலைவி நல்லவர் என்பதால் நிராகரிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு முறை வரச் சொன்னார். அப்போதும் இதையே சொன்னால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தீயிலிருந்து வெளியே வந்ததும் அதிகாரி ஒவ்வொருவரையும் பார்த்து, "டீக்?" என்று கேட்பார். பதில் ஒன்றுதான். இல்லை என்று சொன்னால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் உள்ளே போவார்கள். ஓரமாக உட்கார்ந்தவன் அடுத்த நாள் டீ குடிக்கும்போது யார் முகத்தையும் பார்க்க முடியாது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்; இவனே பார்க்க மாட்டான்.)

ஜெயசீலன் "சப் டீக்" என்றது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கதையை அப்படியே எழுதியும்விட்டேன். ஜெயசீலனுக்குப் படித்துக் காட்டினேன்.

"பழக்கம்தான் மேடம்," என்றார். "ஆனா அது மட்டுமில்ல. ஆமா, சீக்குதான்னு சொன்னா கன்ட்ரோல் ரூம்ல போன் எடுக்கப் போட்டுருவாங்க. வண்டி கெளம்பும்போது நான் சேர்ல உக்காந்துருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்கு..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அவருக்குப் பயம் நோயைப் பார்த்து இல்லை. நாற்காலியைப் பார்த்து.

6

பிறகு ஒத்திகை. எங்கள் வீட்டு ஹாலில் நான்தான் மருத்துவக் குழுத் தலைவி. மூக்குக் கண்ணாடி என்னிடமே இருக்கிறது, வேஷத்துக்குச் செலவில்லை. அபூர்வா இன்னொரு உறுப்பினர். வள்ளியம்மை பார்வையாளர், முறத்தில் கீரை.

"மிஸ்டர் ஜெயசீலன், உடம்பு எப்படி இருக்கு?"

"சப் டீக், சாப்!"

"க்யா அப்பா!" என்று அபூர்வா தலையில் அடித்துக்கொண்டாள். "டீக் இல்லன்னு சொல்லு. இத்தனா ஹீ, அவ்ளோதான். ஜல்தி சொல்லு, எனக்கு க்ளாஸ் இருக்கு."

"டீக்... டீக்..." என்று ஜெயசீலன் வியர்த்தார். "வாய் வரல பாப்பா."

குரலை மாற்றிப் பார்த்தோம். உட்கார வைத்துக் கேட்டோம். கண்ணை மூடச் சொல்லிக் கேட்டோம். நான் ஹிந்தியில் கேட்டேன், தமிழில் கேட்டேன், ஒருமுறை என்னை மீறி அழுதுகொண்டே கேட்டேன். "மேடம், நீங்க நல்லா நடிக்கீங்க," என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்து ஒத்திகை அத்தோடு கெட்டது.

அப்போது அவர் ஃபோன் அடித்தது. பிரதீப். ஜெயசீலன் விடுப்பில் போனபின் அவருடைய தண்ணீர் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர். பம்ப்பிலிருந்து ஏதோ சத்தம் வருகிறதாம்.

ஜெயசீலனின் முகமே மாறிவிட்டது. மடமடவென்று ஹிந்தியில் கொட்டினார். பம்ப் தண்ணீர் இழுக்க நேரமாகும், அவசரப்படுத்தாதே. இடது பக்கத்து வால்வு சொட்டும், துணி சுற்றி வை. ஏணியின் இரண்டாவது படி ஆடும். டேங்கின் அடியில் பின்பக்கம் ஒரு கசிவு ஆரம்பித்திருக்கிறது, பார்த்தால் ஈரம்தான், நம்பாதே, ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பு.

வள்ளியம்மை கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"மாமி," என்றாள் மெதுவாக. "வண்டியப் பத்தி மட்டும் இவுகளுக்குப் பொய் சொல்லவே வராது."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஷிஃப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும். வண்டியில் கை வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற அத்தனை குறையையும் சொல்ல வேண்டும். கௌரவம் பார்க்கக் கூடாது. ஒரு குறையை மறைத்தால் அடுத்தவன் தீயின் நடுவில் தண்ணீர் வராமல் நிற்பான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வருகிறவர், "லே லியா" என்பார்; எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். அந்தச் சொல் வந்த பிறகுதான் போகிறவர் வீட்டுக்குப் போகலாம். அதுவரை மழையானாலும் மகள் கல்யாணமானாலும் வண்டிப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். ஒத்திகையின் நடுவில் சரியாக ஃபோன் வருவது கொஞ்சம் அதிகம்தான். கதாசிரியை கையை நீட்டி அடித்த ஃபோன் என்று நீங்கள் நினைக்கலாம். மாற்றி எழுதிப் பார்த்தேன்: அபூர்வா தன் ஸ்கூட்டியைப் பற்றிக் கேட்கிறாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கிறார். எதுவும் பிரதீப் அளவுக்கு வரவில்லை. எனவே ஃபோன் அடித்தது அடித்ததுதான்.)

7

இரண்டாவது முறை போனபோது நானும் அபூர்வாவும் வெளியே வராந்தாவில் இருந்தோம். உள்ளே நடந்ததை வள்ளியம்மை சொல்லித்தான் எழுதுகிறேன். ஜெயசீலன் ஹிந்தியில் சொன்னது, தமிழ் என்னுடையது.

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தலைவி கேட்டார்.

"சப் டீக், சா..."

பின்னாலிருந்து வள்ளியம்மை எழுந்துவிட்டாள். எழக் கூடாது, பேசவும் கூடாது. "ஏங்க!" என்றாள். "பிரதீப்பு வந்தாச்சு. வண்டிய ஒப்படைச்சிட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம்."

தலைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலைத் தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஜெயசீலன் வலது உள்ளங்கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்தார், பானெட்மேல் வைக்கிற மாதிரி.

"வண்டி பழசு, சாப்," என்றார். "எஞ்சின் ஓடுகிறது. டேங்கில் கசிவு, சாப். முதலில் லேசாக நிறம் மாறிற்று. ஈரம்தான் என்று நானே விட்டுவிட்டேன். அப்புறம் சிவப்பாகவே வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை திறந்து சுரண்டியிருக்கிறார்கள். மறுபடியும் கசியலாம் என்கிறார்கள்."

தலைவி பேனாவை எடுத்தார்.

"ஃபில்டர் முழுக்கக் கரி. தீ அணைந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாம்பலைக் கிளறியிருக்கிறேன், சாப். எல்லோரும் அப்படித்தான், அணைந்துவிட்டதே என்று நினைப்போம். ஒருமுறை ஒரு பாட்டரிக் கிடங்கு. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தார். என் முகமூடியை அவருக்குப் போட்டுத் தூக்கிவந்தேன். அன்றைக்கு நிறையப் புகை போயிற்று. கோட்டைத் துவைத்ததில்லை. படுக்கிற இடத்திலேயே மாட்டியிருந்தேன். ஏணி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது. பிக்கப் இல்லை."

கொஞ்சம் நிறுத்தினாராம். அதோடு முடிந்தது என்று நினைத்து வள்ளியம்மை உட்காரப் போனாள்.

"சங்கு ஊதுகிற ஹூட்டரில் கோளாறு, சாப். சில நாள் தானாக அடிக்கிறது. குளிக்கும்போது. குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன், வெளியே கேட்காது."

இதை என்னிடம் சொல்லும்போதுதான் வள்ளியம்மை அழுதாள். "எனக்கே தெரியாது மாமி. ஏன் இவ்வளவு தண்ணி செலவழிக்கீங்கன்னு திட்டிருக்கேன்."

கடைசியாக ஜெயசீலன் சொன்னாராம்: "ரிப்பேர் முடியும்வரை இந்த வண்டியை லைனில் அனுப்பக் கூடாது, சாப். அனுப்பினால் கூடப் போகிறவனுக்கு ஆபத்து."

தலைவி எழுதி முடித்தார், பக்கத்திலிருந்த இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "முடிந்தது. நீங்கள் போகலாம்," என்றார் தலைவி. ஜெயசீலன் போகவில்லை. நெஞ்சில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. "ஒப்புதல் கொடுத்தாயிற்று, போகலாம்," என்றார் மறுபடியும். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

வள்ளியம்மைக்கு ஹிந்தி கேட்டால் புரியும்; பேசத் தெரிந்தது கறிகாய் பேரம் பேசுகிற ஹிந்தி. அதை வைத்துக்கொண்டு அந்த மருத்துவருக்கு விளக்கினாள். சொல்ல வேண்டிய சொல் ஒன்று பாக்கி இருக்கிறது, அது வராமல் இவர் நகர மாட்டார், நாளை காலைவரை ஆனாலும் நகர மாட்டார்.

தலைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நேராக நின்றார்.

"லே லியா, ஜெயசீலன் ஜி."

கை கீழே இறங்கியது.

வராந்தாவுக்கு வந்தவரைப் பார்த்ததும் அபூர்வா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், சேஷு கேட்ட கண்ணீர் எனக்கு வந்துவிட்டது, வாசகருக்கு வருகிறதா தெரியாது. பிறகு ரோட்டோரம் நின்று சோலே குல்சே சாப்பிட்டோம். ஜெயசீலன் முதல் வாய்க்கு முன்னால் கடைக்காரரின் அடுப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னார். கடைக்காரர் முறைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் அபூர்வாவுக்குப் புரையேறிவிட்டது.

8

இனி முடிவு.

சேஷு ஒன்று கேட்கிறார்: ஒப்புதல் வந்த அன்றே ஜெயசீலன் கண்ணை மூடிவிட வேண்டும். "பவர்ஃபுல்லா இருக்கும் மாமி." அப்படியானால் மலரில் என் கதை வராது என்று சொன்னேன். சேஷு பின்வாங்கினார், பக்கம் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்.

அபூர்வாவுக்கு ஒரு நாய் வேண்டும். கதையில் எங்கேயாவது. இதோ வந்துவிட்டது.

ஜெயசீலன் கேட்கிற முடிவில் அவர் மறுபடியும் வண்டியில் ஏறுகிறார். நான் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறார். "வண்டி வேண்டாம், லிஃப்ட் வேணா வெச்சுக்கலாம்," என்று பேரம் பேசிப் பார்த்தேன். நிஜத்தில் இப்போது அவர் சிகிச்சைக்கு நடுவிலேயே வாரம் இரண்டு நாள் சொசைட்டிப் பெண்களுக்கு கேஸ் கசிந்தால் என்ன செய்வது என்று வகுப்பு எடுக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்குப் பிரதீப் ஃபோனை ஸ்பீக்கரில் போடுகிறார். கோட்டைத் துவைக்கச் சொல்லி இவர் இங்கிருந்து திட்டுகிறார். தூல்ஹா மாதிரி வாங்கடா என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான். அது அவருக்கு இன்னும் முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் நேற்று அவராகவே ஒரு குஷன் வாங்கி வந்தார்.

வள்ளியம்மையிடமும் கேட்டேன். "முடிவெல்லாம் எதுக்கு மாமி? நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு," என்றாள்.

சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனை மலர் அச்சுக்குப் போன பிறகுதான். டேங்க் காய்ந்திருக்கிறதா, மறுபடியும் ஈரமா என்று அப்போதுதான் தெரியும். எனக்கு ஆசை இருக்கிறது, காய்ந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட. பேனா என் கையில்தானே இருக்கிறது. ஆனால் "சப் டீக்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக இந்தக் கதைக்கு மட்டும் உரிமை இல்லை.

எனவே முறைப்படி ஒப்படைக்கிறேன். காகிதத்தின்மேல் கை வைத்திருக்கிறேன்.

கதை ஓடுகிறது. தொடக்கத்தில் இழுக்க நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள். நான்காம் பகுதி கனம். அதில்தான் தண்ணீர் இருக்கிறது. ஆறாம் பகுதியில் அந்த ஃபோன் ஆடும், பார்த்து ஏறுங்கள். நாய்க்கு வேலை எதுவும் இல்லை. ஏழில் ஹூட்டர் தானாக அடிக்கும். அதை ரிப்பேர் செய்ய வேண்டாம். முடிவு இல்லை. கழன்று விழவில்லை, நான் பொருத்தவே இல்லை.

இவ்வளவுதான். மறைக்கவில்லை.

ஜெயசீலன் என் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசிப் பக்கம்வரை கேட்டார், முகத்தில் சிரிப்பு. ஆனால் நகரவில்லை. கீழ்த்தளத்தில் வள்ளியம்மை சாதம் வடித்துவிட்டாள், வாசனை லிஃப்ட் வழியாக மேலே வருகிறது. நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் அவர் சாப்பிடப் போவார்.

சத்தமாகவே சொல்லுங்கள், இவருக்குக் கேட்கிற மாதிரி.